அமெரிக்க அதிபர் அறிவிக்கும் அவசர நிலையை காங்கிரஸால் (அந்நாட்டு நாடாளுமன்றத்தால்) ரத்து செய்ய முடியாதா?

சட்டப்படி முடியும், ஆனால் நடைமுறையில் ரொம்பவே கஷ்டம். 1976-இல் தேசிய அவசர நிலைச் சட்டம் வந்தபோது, காங்கிரஸின் இரு அவைகளும் (செனட், பிரதிநிதிகள் சபை) சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டாலே போதும், அவசர நிலை முடிந்துவிடும் என்றுதான் இருந்தது. அதிபரின் கையெழுத்து தேவையில்லை. 1983-இல் குடியேற்றம் தொடர்பான வேறொரு வழக்கில், அதிபருக்கு அனுப்பாமல் இப்படித் தீர்மானம் போடுவது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் சட்டமும் திருத்தப்பட்டது. இப்போது தீர்மானம் அதிபரின் மேசைக்கே போக வேண்டும். அவர் வீட்டோ செய்தால், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினால், அதைத் தாண்ட இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

2019-இல் நடந்ததைப் பாருங்கள். மெக்சிகோ எல்லைச் சுவருக்குக் கேட்ட பணத்தை காங்கிரஸ் தரவில்லை. டிரம்ப் அவசர நிலை அறிவித்து, அது தரும் சிறப்பு அதிகாரத்தால் ராணுவக் கட்டுமானங்களுக்கு ஒதுக்கியிருந்த 360 கோடி டாலரைத் திருப்பிவிட்டார். செனட்டில் அவருடைய கட்சியினரிலேயே 12 பேர் அவரை எதிர்க்க, ரத்துத் தீர்மானம் 59-41 என்று நிறைவேறியது. அவர் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபையில் 248 பேர் எதிர்த்து வாக்களித்தும் வீட்டோவைத் தாண்ட முடியவில்லை. கஜானா சாவி காங்கிரஸிடம் என்பது சாசனத்தின் அடிப்படை. இரு அவைகளும் வேண்டாம் என்ற பிறகும் பணம் போனது என்றால், அந்த வரம்புக்கு என்ன மதிப்பு?

கட்சி பேதமும் இதில் கிடையாது. 1979-இல் கார்ட்டர் ஈரான் விஷயத்தில் அறிவித்த அவசர நிலையை, பின்வந்த இரு கட்சி அதிபர்களும் வருஷா வருஷம் நீட்டித்தே வந்தார்கள்.

30 நாளில் காங்கிரஸ் ஒப்புதல் தராவிட்டால் அறிவிப்பு தானாகக் காலாவதியாக வேண்டும் என்றொரு மசோதா 2019-இல் வந்தது. என் பார்வையில் அதுதான் சரியான வழி. ஆனால் அது அப்போது சட்டமாகவில்லை.