தக்பீருக்கு முன் தடுமாறும் நிய்யத்

கேள்வி: தொழுகைக்கு நின்றதும் நிய்யத்தை (எந்தத் தொழுகை என்ற எண்ணத்தை) சரியாகச் சொன்னேனா என்ற ஐயம் எழுகிறது. தொழுகையைத் தொடங்கும் 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீரைப் பலமுறை திரும்பச் சொல்கிறேன். இமாம் ருகூவுக்கு (குனியும் நிலைக்கு) சென்ற பின்பும் சில வேளைகளில் தொடங்காமல் நிற்கிறேன். நிய்யத்தை வாயால் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரருக்கு, உங்கள் சிரமம் பலருக்கும் உள்ளது, ஆனால் மார்க்கம் இந்தச் சிரமத்தை உங்கள் மீது சுமத்தவில்லை. "செயல்கள் யாவும் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன, ஒவ்வொருவருக்கும் அவர் எண்ணியதே கிடைக்கும்" என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைத்தான் இமாம் புகாரி தமது நபிமொழித் தொகுப்பின் முதல் ஹதீஸாக வைத்தார்கள். அதில் பேசப்படுவது எண்ணம், சொல் அன்று. நிய்யத்தின் இடம் உள்ளம் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி, மாலிகீ, ஹன்பலீ என்ற நான்கு மத்ஹபுகளுக்கும் (சட்டப் பள்ளிகளுக்கும்) கருத்து வேறுபாடு இல்லை. உள்ளம் ஒருமுகப்பட உதவும் என்பதால் பிற்கால ஷாஃபிஈ, ஹனஃபி அறிஞர்கள் பலர் அதை நாவாலும் சொல்வதை விரும்பினார்கள். நபியவர்கள் அவ்வாறு சொன்னதற்குச் சான்றில்லை என்று இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் மறுத்தார்கள். எனினும், சொல்வதை விரும்பியவர்களும் சொல்லாதவரின் தொழுகை செல்லாது என்று கூறவில்லை. லுஹரை (நண்பகல் தொழுகையை) மனத்தில் எண்ணியவரின் நாவு தவறி அஸர் (மாலைத் தொழுகை) என்று சொல்லிவிட்டாலும், மனத்தில் இருப்பதே கணக்கில் கொள்ளப்படும்.

நிய்யத் எதற்காக என்பதைப் புரிந்துகொண்டால் பாதி பாரம் இறங்கிவிடும். வெப்பம் தணியக் குளிப்பதும் கடமையான குளிப்பும் பார்வைக்கு ஒன்றே. பஜ்ரு எனும் அதிகாலைத் தொழுகையின் சுன்னத் (விரும்பத்தக்க) இரண்டு ரக்அத்தும் (தொழுகைச் சுற்றும்) பர்ளு (கட்டாயமான) இரண்டு ரக்அத்தும் உருவத்தில் ஒன்றே. வழக்கமான செயலிலிருந்து வணக்கத்தையும், ஒரு வணக்கத்திலிருந்து மற்றொன்றையும் பிரித்துக் காட்டுவது நிய்யத். லுஹருடைய பாங்கைக் கேட்டு உளூ (தொழுகைக்கான அங்கத் தூய்மை) செய்து, பள்ளிக்கு நடந்து வந்து, ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்கிறீர்கள். எந்தத் தொழுகைக்காக வந்தீர்கள் என்று ஒருவர் கேட்டால் தயங்காமல் பதில் சொல்வீர்கள் அல்லவா? அந்த அறிவுதான் நிய்யத்.

ஷாஃபிஈ மத்ஹபில் தக்பீரோடு நிய்யத் இணைந்திருக்க வேண்டும் என்ற சட்டமே பலரை இந்த வஸ்வாஸில் (ஓயாத வீண் ஐயத்தில்) தள்ளுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதே மத்ஹபின் பேரறிஞரான இமாம் நவவீ, இமாம் கஸ்ஸாலியின் கருத்தைத் தேர்ந்தெடுத்து, இதில் நுணுகி நுணுகிப் பார்க்கத் தேவையில்லை, தொழுகையை உணர்ந்து நிற்பவர் என்று பொதுவாகக் கருதப்படும் அளவுக்கு உள்ளம் விழித்திருந்தாலே போதும் என்கிறார்கள். ஆகவே ஒரே ஒருமுறை தக்பீர் சொல்லுங்கள். அதன் பிறகு ஐயம் வந்தால் அதற்குப் பதில் சொல்லாதீர்கள், தொழுகையை முறிக்காதீர்கள். முதல் சில நாள்கள் கடினமாகத்தான் இருக்கும். பொருட்படுத்தாமல் விடுவதே இதற்குப் பயன்தரும் மருந்து என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

கேள்வி: ரமளானில் ஓர் இரவு நிய்யத் வைக்காமல் உறங்கிவிட்டேன். அந்த நோன்பு கூடுமா?

பதில்: நாளை நோன்பு என்ற எண்ணத்தோடு உறங்கியிருந்தாலோ, நோன்புக்காகவே சஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு) எழுந்திருந்தாலோ நிய்யத் நிறைவேறிவிட்டது. அந்த எண்ணமே வராமல் பஜ்ரு கடந்திருந்தால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அன்று நோன்பாளியைப் போலவே இருந்துவிட்டு, பின்னர் ஒரு நோன்பைக் களாச் செய்ய (ஈடாக நோற்க) வேண்டும். ஹனஃபி மத்ஹபில் நண்பகலுக்கு முன்பு வரை, எதுவும் உண்ணாதிருந்தால், நிய்யத் வைக்க இடமுண்டு. மாலிகீ மத்ஹபில் மாதத் தொடக்கத்தில் வைத்த ஒரே நிய்யத், நோன்பு இடையில் முறியாதவரை, முழு மாதத்துக்கும் போதும்.

கேள்வி: ஏழை என்று எண்ணி ஒருவருக்குத் தர்மம் கொடுத்தேன், அவர் வசதியானவர் என்று பின்னர் தெரிந்தது. என் தர்மம் வீணா?

பதில்: இல்லை. யஸீத் (ரலி) என்ற நபித்தோழர் தர்மத்துக்காகச் சில தீனார்களைப் பள்ளிவாசலில் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். யஸீதுடைய மகன் மஅன் (ரலி) அதைப் பெற்றுக்கொண்டார். "உன்னை நாடி நான் கொடுக்கவில்லையே" என்று தந்தை கூற, வழக்கு நபியவர்களிடம் சென்றது. "யஸீதே, நீர் எண்ணியது உமக்கு உண்டு, மஅனே, நீர் எடுத்துக்கொண்டது உமக்கு உரியது" என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். நீங்கள் கொடுத்தது ஸகாத்தாக (கட்டாய தர்மமாக) இருந்தால் மட்டும், பெறுபவர் தகுதியானவரா என்று விசாரிக்கும் பொறுப்பு தனியே உண்டு. அந்த விவரத்தை எழுதினால் விளக்கமாகப் பதில் தருகிறேன்.