காயில், பேட்டரி, கருகல் வாடை: வேப் கருவி பற்றிய கேள்விகளும் பதில்களும்

வெப்பக் கட்டுப்பாடு உள்ள வேப் கருவிகளைப் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டதால் இந்த மாதம் பக்கம் முழுக்க அதற்கே. வேப் என்பது இ-சிகரெட்தான்: டேங்கில் இருக்கும் லிக்விட் பஞ்சில் ஊறி, காயில் என்னும் கம்பிச்சுருள் சூடேறும்போது ஆவியாகும், அதைத்தான் இழுக்கிறோம். சிகரெட்டை விடுவதற்காக இதற்கு மாறியவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். புகைப்பழக்கமே இல்லாதவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம், நிக்கோட்டின் ஒட்டிக்கொண்டால் விடுவது லேசுப்பட்ட காரியமில்லை.

கேள்வி: என்னுடையது 0.5 ஓம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காயில். 220 டிகிரியில் வைத்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் டேங்கைக் கழற்றி லிக்விட் ஊற்றி மாட்டினேன், அப்போதிலிருந்து ஒரே கருகல் வாடை. செட்டிங் எதையும் தொடவில்லை. பஞ்சு மாற்றியும் அதே கதை. (வாசகர், ஹாரோ)

பதில்: டேங்கை மாட்டியதும் "புதிய காயிலா, பழையதா?" என்று திரையில் கேட்டிருக்குமே, அதற்கு என்ன அழுத்தினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சூடு ஆறாத காயிலைப் "புதியது" என்று சொல்லியிருந்தால் வினை அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

இந்தக் கருவிக்குள் வெப்பமானி என்று தனியாக எதுவும் கிடையாது. 2014இல் எவால்வ் நிறுவனத்தின் டிஎன்ஏ 40 சிப் நிக்கல் கம்பியோடு வந்த காலத்திலிருந்தே வேலை செய்யும் விதம் இதுதான்: கம்பி சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடும், ஆறியிருந்தபோது இருந்ததைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்து, இத்தனை டிகிரி என்று கருவி கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆறிய நிலையில் அளந்த அந்த முதல் எண் தப்பாக இருந்தால் அதற்குப் பிறகு திரையில் வரும் எந்த டிகிரியையும் நம்ப முடியாது.

உங்கள் காயிலையே எடுத்துக்கொள்வோம். எஸ்எஸ்316எல் என்னும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்கு டிசிஆர் எண், அதாவது ஒரு டிகிரி சூடேறினால் மின்தடை கூடும் விகிதம், சுமார் 0.00092. அறைச் சூட்டில், அதாவது 20 டிகிரியில், 0.5 ஓம் என்றால் 220 டிகிரியில் அது 0.592 ஓம் ஆகும். அந்த அளவு வந்ததும் கருவி மின்சாரத்தைக் குறைத்துவிடும். காயில் 50 டிகிரி சூட்டோடு இருக்கும்போது "புதியது" என்று அழுத்தினால், அந்த நேரத்து 0.514 ஓமைத்தான் ஆறிய அளவு என்று அது எடுத்துக்கொள்ளும். அப்புறம் திரையில் 220 என்று நிற்கும், கம்பியோ 255 வரை போய்விடும். பஞ்சு கருக அது போதும். கருகல் சுவை மட்டும் பிரச்சினை என்றால் இவ்வளவு சொல்லமாட்டேன்; மிஞ்சிய சூட்டில் லிக்விட்டில் இருக்கும் கிளிசரின் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் எல்லாம் வெளிவரும், தொண்டை கமறுவது அதனால்தான். இப்படி நடக்காமல் இருக்கத்தானே வெப்பக் கட்டுப்பாட்டுக்குக் காசு கொடுக்கிறோம்.

என்ன செய்யலாம் என்றால், டேங்கை மாட்டியபடியே கருவியை ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். குளிர்காலத்தில் ரேடியேட்டர் பக்கத்திலோ, வெளியே போய்வந்த கோட் பாக்கெட்டிலோ வேண்டாம், மேசைமேல் இருக்கட்டும். பிறகு மெனுவில் மின்தடைப் பூட்டை (அளந்த ஆறிய எண்ணை மாறாமல் பிடித்து வைப்பது) எடுத்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லி, பழைய 0.5க்குப் பக்கத்தில் வந்தால் பூட்டுங்கள். இனிமேல் லிக்விட் ஊற்றக் கழற்றினால் "பழையது" என்றே சொல்லுங்கள்.

சரியாகிவிட்டதா என்று சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. காயிலைச் சுத்தம் செய்து, உலர்ந்த பஞ்சைச் செருகி, 200 டிகிரி வைத்து ஓரிரு வினாடி மட்டும் அழுத்திப் பாருங்கள். இழுக்கக் கூடாது, தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். பஞ்சு வெள்ளையாகவோ லேசாகப் பழுப்பேறியோ இருந்தால் கணக்கு சரி. கறுத்துவிட்டால் அளவோ உலோகத் தேர்வோ இன்னும் தப்பு.

கேள்வி: பட்டனை அழுத்தின அடுத்த நொடியே "டெம்பரேச்சர் புரொடெக்டட்" என்று வந்துவிடுகிறது, ஆவி வருவதே இல்லை. 260க்கு ஏற்றினால் கொஞ்சம் வருகிறது. ஏற்றியே வைத்துக்கொள்ளலாமா அண்ணா? (வாசகர், ஈஸ்ட்ஹாம்)

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் மெனுவில் எந்த உலோகம் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று பாருங்கள். நிக்கலின் மின்தடை 220 டிகிரிக்குப் போகும்போது இரண்டு மடங்குக்கு மேல் ஏறும், ஸ்டீலினுடையது ஐந்தில் ஒரு பங்குகூட ஏறாது. நிக்கல் காயிலைப் போட்டுவிட்டு ஸ்டீல் என்று வைத்தால், கம்பி வெதுவெதுப்பாகும்போதே "220 வந்தாச்சு" என்று கருவி நிறுத்திவிடும். இதன் மறுபக்கம்தான் ஆபத்து: ஸ்டீல் காயிலை வைத்து நிக்கல் என்று சொன்னால் அது எதிர்பார்க்கும் ஏற்றம் வரவே வராது, கட்டுப்பாடே இல்லாமல் சுடும்.

உலோகம் சரி என்றால் இணைப்பைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான் இருக்கும். 0.5 ஓம் ஸ்டீல் காயிலில் 0.02 ஓம் கூடுதலாகத் தெரிந்தாலே கருவி அதை 40 டிகிரிக்கு மேல் சூடு என்று படிக்கும். திருகுக்கு அடியில் கம்பியின் கால் சரியாக அமுங்காமல் ஓரமாக நழுவி நிற்பதைக் கண்ணால் பார்த்தால் தெரியாது. திரையில் மின்தடையை வரவழைத்து டேங்கை இரண்டு விரலால் மெல்ல அசைத்தால் கடைசி இலக்கம் ஆடுவது தெரியும். திருகை இறுக்குங்கள், கம்பி அறுந்துவிடும் அளவுக்கு வேண்டாம். டேங்க் வந்து உட்காரும் 510 மரையில் லிக்விட் கசிந்து பிசுக்காகக் கறுத்துப் போயிருக்கும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காதுக்குச்சியால் அதையும் நடுவில் இருக்கும் ஊசியையும் துடைத்து உலரவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: காந்தல் (Kanthal) என்னும் இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவைக் கம்பியை வெப்பக் கட்டுப்பாட்டில் போட முடியாதா? கையில் ஒரு சுருள் மிச்சம் இருக்கிறது. (வாசகர், கிராய்டன்)

பதில்: முடியாது. சூடேறினாலும் அதன் மின்தடை அநேகமாக மாறாது, கருவிக்கு அளக்க ஒன்றும் இருக்காது. சூட்டைப் பார்க்காமல் சக்தியை மட்டும் குறித்து வைக்கும் வாட் முறையில் பயன்படுத்துங்கள்.

கேள்வி: டைட்டானியம் காயிலில் கசடு படிந்துவிட்டது. பஞ்சை எடுத்துவிட்டுச் சிவக்கச் சூடாக்கினால் சுத்தமாகும் என்கிறார் நண்பர். (வாசகி, ஸ்கார்பரோ)

பதில்: ஸ்டீல் காயிலை வாட் முறையில், குறைந்த சக்தியில், இடைவெளி விட்டு விட்டு லேசாகச் சூடாக்கிச் சுத்தம் செய்வது வழக்கம்தான். டைட்டானியத்திலும் நிக்கலிலும் அந்த வேலையே கூடாது. டைட்டானியம் சிவக்கச் சூடானால் மேலே வெள்ளைப் பொடியாக டைட்டானியம் டைஆக்சைடு உண்டாகும், அதை நுரையீரலுக்குள் இழுக்கவா போகிறோம்? வெந்நீரில் ஊறப்போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் புதுக் காயில் சுற்றிக்கொள்ளுங்கள் சகோதரி, கம்பி விலை ஒன்றும் பெரிதில்லை. சுற்றும்போது வளையங்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விடுங்கள், தொட்டால் மின்தடை ஒரு நிலையில் நிற்காது.

கேள்வி: ஒற்றை பேட்டரிக் கருவி, 80 வாட்டில் வைக்கிறேன். பேட்டரி பாதி இருக்கும்போதே "வீக் பேட்டரி" என்கிறது. பேட்டரி புதியது, கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது, ஆன்லைனில் மலிவாக வாங்கினேன். (வாசகர், லெஸ்டர்)

பதில்: அந்த பேட்டரியை இன்றே கழற்றி வைத்துவிடுங்கள். இந்தக் கருவிகளில் போடும் 18650 வகை பேட்டரி என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உருளைக்குள் 9900 அடங்காது. நல்ல நிறுவனங்களின் 18650 பேட்டரிகளே 3500, 3600ஐ ஒட்டித்தான் இருக்கும், அதிக மின்னோட்டம் தரக்கூடியவை 2500 முதல் 3000 வரைதான். உறையில் அச்சடித்த எண்ணே பொய் என்றால் அதன் ஆம்பியர் கணக்கை யார் நம்புவது? சமையல் தராசில் வைத்துப் பாருங்கள். நல்லது 45 கிராமை ஒட்டி இருக்கும், போலி பல நேரம் அதைவிட நன்றாகவே குறையும்.

நல்ல பேட்டரியே போட்டாலும் ஒற்றை பேட்டரிக்கு 80 வாட் அதிகம். சிப் உள்ள கருவியில் காயிலின் ஓம் பேட்டரியைப் பாதிக்காது, நீங்கள் கேட்கும் வாட்தான் பாதிக்கும். முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும் பேட்டரி இறங்கி இறங்கி 3.2க்கு வரும்போது, 80ஐ 3.2ஆல் வகுத்தால் 25 ஆம்பியர், கருவிக்குள் வீணாவதையும் சேர்த்தால் 27, 28. சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 போன்ற பெயர்பெற்றவை தொடர்ந்து தரக்கூடியது 20 ஆம்பியர். ஆகவே 50 வாட்டோடு நிறுத்துங்கள். 80 வேண்டும் என்றால் இரட்டை பேட்டரிக் கருவிக்குப் போங்கள். அந்த இரண்டும் ஒரே மாதிரி, ஒரே நாளில் வாங்கியவை, எப்போதும் சேர்ந்தே சார்ஜ் ஆகி சேர்ந்தே இறங்குபவையாக இருக்க வேண்டும். போலியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். சூப்பர்மார்க்கெட் வாசலில் பேட்டரிப் பெட்டி இருக்கும்.

கேள்வி: பேட்டரி உறை மேல்முனையில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. டேப் ஒட்டிக்கொள்ளலாமா? (வாசகர், பர்மிங்காம்)

பதில்: கூடாது. நடுவில் இருக்கும் பொத்தான்தான் நேர்முனை, அதைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட மற்ற உலோகம் முழுக்க எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய வளையமும் அந்த உறையும் மட்டும்தான். சூட்டில் சுருங்கும் பிவிசி உறை கடையில் கிடைக்கும், பழையதை உரித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், அந்த வெள்ளை வளையமும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தகரம் நசுங்கியிருந்தால் உறை மாற்றியும் பயனில்லை, சூப்பர்மார்க்கெட் பேட்டரிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். உதிரி பேட்டரியைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடவே போடாதீர்கள், பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். தொடை வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்கு மூன்று வாரம் சென்னை போகிறேன். கருவியைக் கைப்பையில் எடுத்துப் போகலாமா? (வாசகர், வெம்ப்ளி)

பதில்: விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது என்பது பொது விதி. ஆனால் உங்கள் பயணத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம், வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட்டை இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம், முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சிங்கப்பூர் வழியாகப் போனாலும் அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். அந்த மூன்று வாரத்தில் மறுபடி சிகரெட் பக்கம் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. கல்யாண வீட்டில் நீட்டுவதற்கு ஆள் நிறைய இருப்பார்கள். இங்கிருந்தே மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு நிக்கோட்டின் பேட்ச் வாங்கிக்கொள்ளுங்கள், 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் சென்னை மருந்துக்கடைகளிலும் கிடைக்கும். கிளம்பும் முன் பேட்டரியைக் கருவியிலிருந்து கழற்றி, பாதி சார்ஜில், 3.7 வோல்ட்டை ஒட்டி, பெட்டியில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள்.