பவர் பாலட்: டிரம்ஸ் வரும்வரை காத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி பதில்

பவர் பாலட் எனப்படும், ராக் இசைக்குழுக்களின் மெதுவான, பிரம்மாண்டமான பாடல்களைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் மேடையில் கீபோர்டு வாசிப்பவன். இந்தப் பாடல்களை வாசித்துத்தான் கை பழகினேன். அதனால் பதில்களில் கொஞ்சம் பாசம் தெரியும்.

அண்ணா, மெதுவான காதல் பாட்டு எல்லாமே பவர் பாலட்தானா?

இல்லை. காதலும் கட்டாயமில்லை, மெதுவும் போதாது. முக்கியம் அதன் வடிவம். ஒரு பியானோவோ கிடாரோ தனியாகத் தொடங்கும். பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஆரம்பிப்பார். டிரம்ஸ் வராது. நீங்கள் அதை எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகும் வராது. அப்புறம் வரும்போது மொத்தமாக வரும்: டிரம்ஸ், மின்கிடார், பின்னணிக் குரல்கள், முடிந்தால் ஒரு ஆர்கெஸ்ட்ராவும்.

1971-ல் வந்த லெட் செப்பலினின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' காதல் பாட்டே இல்லை. ஆனால் அதில் டிரம்ஸ் நுழைவதற்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வகைக்கு அது பெரிய பாடம். 1973-ல் ஸ்டிக்ஸ் குழுவின் 'லேடி', ஏரோஸ்மித்தின் 'ட்ரீம் ஆன்' என்று வரிசையாக வந்தன. மாறாக, எக்ஸ்ட்ரீம் குழுவின் 'மோர் தேன் வேர்ட்ஸ்' அருமையான பாட்டு, ஆனால் என் கணக்கில் அது பவர் பாலட் இல்லை. ஒரு கிடார், இரண்டு குரல், அத்தோடு சரி. வெடிக்கவே இல்லையே.

எண்பதுகளில் ஏன் இத்தனை? கரடுமுரடாக வாசித்த குழுக்கள்கூட ஏன் இதில் இறங்கின?

1981 ஆகஸ்டில் எம்டிவி என்ற இசை வீடியோ தொலைக்காட்சி தொடங்கியது. அமெரிக்க வானொலி நிலையங்கள் பகல் நேரத்தில் கனமான ராக்கைப் போடத் தயங்கின, மெதுவான பாட்டு என்றால் போட்டன. மோட்லி க்ரூவின் 'ஹோம் ஸ்வீட் ஹோம்' 1985-ல் எம்டிவியில் நேயர் விருப்பமாகத் திரும்பத் திரும்ப ஓடியது. அதைப் பார்த்து மற்ற குழுக்களும், அவர்களைவிட வேகமாக இசை நிறுவனங்களும் பாடம் படித்துக்கொண்டன. அதன் பிறகு ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒரு பாலட் இருந்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது.

பலன் எப்படி என்று பாருங்கள். அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் பாய்சன் குழு முதலிடம் பிடித்தது ஒரே ஒரு முறை: 1988-ல் வந்த 'எவ்ரி ரோஸ் ஹேஸ் இட்ஸ் தார்ன்'. சீப் ட்ரிக்குக்கு ஒன்றே ஒன்று: 'த ஃப்ளேம்'. ஃபாரினர் குழுவுக்கும் ஒன்றுதான்: 'ஐ வான்ட் டு நோ வாட் லவ் இஸ்'. 1970-ல் தொடங்கிய ஏரோஸ்மித் முதல்முறை அந்த இடத்தைத் தொட்டது 1998-ல், 'ஆர்மகெடான்' படத்துக்காக டயேன் வாரன் எழுதிக் கொடுத்த 'ஐ டோன்ட் வான்ட் டு மிஸ் எ திங்' பாட்டில். எல்லாமே பாலட்! வேகமான பாட்டில் பெயர் எடுத்தவர்களுக்கு உச்சத்தைக் கொடுத்தது மெதுவான பாட்டு. அதை வியாபாரத் தந்திரம் என்று மட்டும் சொல்லி ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. தந்திரத்தால் வந்த பாட்டுகள் நூற்றுக்கணக்கில் காணாமல் போய்விட்டன. இவை நிற்கின்றன.

எனக்கு இந்தப் பாட்டுகள் பிடிக்கும் சார், ஆனால் வெளியே சொல்லக் கூச்சம். எல்லாமே ரொம்ப ஓவராக இருக்கிறதே? இவ்வளவு மிகை தேவையா?

தேவை. இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மிகையைக் கண்டு வெட்கப்படாத ஒருவர் இருந்தார், ஜிம் ஸ்டைன்மன் என்ற பாடலாசிரியர். 2021-ல் காலமானார். அவர் மனசு ராக் மேடையில் பாதி, நாடக மேடையில் பாதி. பாடகர் மீட் லோஃபுக்காக 1977-ல் 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' ஆல்பம் முழுவதையும் எழுதினார். 1983-ல் பாடகி பானி டைலருக்கு 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் த ஹார்ட்' கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தபோது, இரண்டாம் இடத்தில் ஏர் சப்ளை பாடிய இன்னொரு பாலட் இருந்தது. அதையும் எழுதியவர் இவரேதான்.

'டோட்டல் எக்லிப்ஸ்' பாட்டை இப்போது போட்டுக் கேளுங்கள். பியானோ வாசிப்பது ராய் பிட்டன், டிரம்ஸ் மேக்ஸ் வைன்பர்க். இருவரும் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுக்காரர்கள். 'டர்ன் அரவுண்ட்' என்று திரும்பத் திரும்ப அழைக்கும் ஆண் குரல் ரோரி டாட். ஒவ்வொரு முறையும் அந்த அழைப்புக்குப் பிறகு பானி டைலர் ஒரு மனக்குறையைச் சொல்கிறார். கவனித்துக்கொண்டே இருங்கள், சரணத்துக்கு உள்ளேயே சுருதி நகர்ந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பல்லவிப் பகுதி) வருவதற்குள் நாம் வேறொரு உயரத்தில் நிற்கிறோம், எப்போது ஏறினோம் என்றே தெரியாது. இது கணக்குப் போட்டுச் செய்த வேலை. உணர்ச்சியில் கட்டுப்பாடு இழந்தவன் செய்கிற வேலை இல்லை.

ஒரு காட்டேரிக் காதல் கதைக்காக யோசித்த பாட்டு என்று ஸ்டைன்மனே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1997-ல் வியன்னாவில் அரங்கேறிய காட்டேரி இசை நாடகத்தில் இதே மெட்டை ஜெர்மன் சொற்களோடு பயன்படுத்தவும் செய்தார். அங்கே யாரும் அதை ஓவர் என்று சொல்லவில்லை. நாடகத்தில் காதலன் கோட்டைச் சுவர் மேல் நின்று கதறினால் ஏற்றுக்கொள்கிறோம். பாட்டில் அதையே செய்தால் கூச்சப்படுகிறோம்.

மிகை எப்போது கெடுகிறது என்றால், அமைதி இல்லாதபோதுதான். முதல் வரியிலேயே தொண்டை கிழியக் கத்தினால், கடைசியில் ஏறுவதற்குப் படி ஏது? நல்ல பவர் பாலட்டில் பாதி நேரம் அடக்கம்தான். அந்த அடக்கத்துக்குக் கிடைக்கிற கூலி அந்தக் கோரஸ். இந்த வகையைக் கேலி செய்பவர்கள் கோரஸை மட்டும் கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

மீட் லோஃப் 'காதலுக்காக எதையும் செய்வேன், அதை மட்டும் செய்யமாட்டேன்' என்று பாடுகிறாரே, அந்த 'அது' என்ன?

இதை ஏதோ மர்மம்போலப் பலர் கேட்கிறார்கள். பதில் பாட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை அந்த வரி வருவதற்கு முன்னாலும் அவர் செய்யமாட்டாத ஒன்றைச் சொல்கிறார்: இந்தக் கணத்தை மறக்கமாட்டேன் என்பதுபோல. கடைசியில் பெண் குரல், 'நீ ஒருநாள் எல்லாவற்றையும் மறந்து போய்விடுவாய், வேறொருத்தியைத் தேடுவாய்' என்கிறது. அதற்கும் அவர் பதில் அதேதான்.

ஆல்பத்தில் இந்தப் பாட்டு 12 நிமிடம் ஓடுகிறது. சுருக்கிய வடிவத்தை மட்டும் கேட்டவர்களுக்கு அர்த்தம் நழுவிப்போனதில் ஆச்சரியமில்லை. அந்தப் பெண் குரல் லொரெய்ன் கிராஸ்பி. மாதிரிக்காகப் பாடியதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வீடியோவில் வாயசைத்தது வேறொருவர்.

கோரஸ் வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. என் தம்பிக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏன்?

இசை தரும் சிலிர்ப்பைப் பற்றி மூளை ஆய்வாளர் ஜாக் பாங்க்செப் 1995-ல் விரிவாக எழுதினார். சத்தம் படிப்படியாக ஏறும் இடங்கள், பின்னணியிலிருந்து ஒற்றைக் குரலோ ஒற்றைக் கருவியோ எழுந்து வரும் இடங்கள், சோகமான இசை: இவற்றில் சிலிர்ப்பு அதிகம். பவர் பாலட் இந்த மூன்றையும் ஒரே பாட்டில் வைத்திருக்கிறது. எல்லோருக்கும் சிலிர்ப்பதில்லை, அது குறையும் இல்லை. தம்பியை விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பழைய பாட்டுகளின் புதிய பதிப்புகள் பலவற்றில் மெல்லிய பகுதியின் சத்தத்தைத் தூக்கி, பெரிய பகுதியோடு சமமாக்கிவிடுகிறார்கள். வித்தியாசம் போனால் சிலிர்ப்பும் போகும். பழைய சிடி கிடைத்தால் அதில் கேளுங்கள். தம்பிக்கும் போட்டுக் காட்டுங்கள்.

அந்தக் காலத்து டிரம்ஸ் சத்தம் 'தும்' என்று பெரிதாக விழுந்து சட்டென்று நின்றுவிடுகிறதே, அது எப்படி?

லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில், பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்காக ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். கலைஞர்கள் பேசுவதைக் கேட்க அறையில் ஒரு மைக் தொங்கும். மெல்லிய பேச்சையும் பெரிதாக்கிக் காட்டும்படி அதன் அமைப்பு இருந்தது. அதன் வழியாக டிரம்ஸ் வந்தபோது பயங்கரமாகக் கேட்டது. ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்காம் அதைப் பதிவு செய்யும் வழி செய்து, எதிரொலியின் வாலை மட்டும் ஒரு கருவியால் சட்டென்று வெட்டினார். பெரிய மண்டபத்தின் சத்தம் கிடைக்கும், ஆனால் அடுத்த அடிக்கு இடைஞ்சல் இருக்காது. மறு ஆண்டு 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் காக்கவைத்து காலின்ஸ் அதை இறக்கியதும் உலகமே அந்தச் சத்தத்தைக் கேட்டு வாங்கத் தொடங்கியது.

'நவம்பர் ரெயின்' பற்றி எழுதுங்கள் அண்ணா. கிடார் கற்றுக்கொள்கிறேன்.

கன்ஸ் என் ரோசஸ் குழுவின் ஆக்ஸல் ரோஸ் இதை எண்பதுகளின் ஆரம்பத்திலிருந்தே கையில் வைத்திருந்தார். 1991-ல்தான் ஆல்பத்தில் வந்தது, ஒன்பது நிமிடத்துக்கு மூன்று விநாடி குறைவு. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை போனது. கல்யாணம், மழை, சாவு வீடு என்று பெரும் பணம் கொட்டி எடுத்த வீடியோவில், தனித்து நிற்கும் ஒரு சின்ன தேவாலயத்தின் வாசலில் குழுவின் கிடார் கலைஞர் ஸ்லாஷ் நின்று வாசிப்பார். ஏன் வெளியே போனார், கிடார் எதில் இணைந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த இசைக்கு அந்த வெட்டவெளி தேவைப்படுகிறது.

கற்றுக்கொள்பவர் கவனிக்க வேண்டியது முதல் சோலோ, அதாவது கிடார் தனித்து ஒலிக்கும் பகுதி. ஸ்லாஷால் இதைவிடப் பலமடங்கு வேகமாக வாசிக்க முடியும். ஆனால் அங்கே அவர் நீண்ட சுரங்களை இழுத்து, வாயால் பாடிவிடக்கூடிய ஒரு மெட்டைத்தான் வாசிக்கிறார். அதை முதலில் பாடிப் பழகுங்கள், எங்கே மூச்சு விடுகிறீர்களோ அங்கே விரலும் ஓயட்டும். கடைசிப் பகுதியில் பாட்டு முடிந்துவிட்டதுபோல ஓய்ந்து, சோகச் சாயலுள்ள மைனர் சுரவரிசைக்கு மாறி, புதிதாக எழும். அங்கே வேகம் காட்டலாம். ஏழு நிமிடம் காத்திருந்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்', ஜர்னி குழுவின் 'ஃபெய்த்ஃபுலி'யைக் காப்பி அடித்ததா?

இல்லை. ஸ்வரக்கோர்வை கொஞ்சம் ஒத்துப்போகிறது என்று பிரின்ஸுக்கே பட்டது. 'ஃபெய்த்ஃபுலி' எழுதிய ஜோனதன் கெய்னைத் தொலைபேசியில் அழைத்து, போட்டுக் காட்டி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். கெய்ன் இல்லை என்றார். எவ்வளவு அழகான நடத்தை! 'பர்ப்பிள் ரெயின்' என்று நாம் ஆல்பத்தில் கேட்பது 1983 ஆகஸ்ட் 3 அன்று மினியாபொலிஸில் ஃபர்ஸ்ட் அவென்யூ என்ற இடத்தில் மேடையில் வாசித்த பதிவுதான், பிறகு வெட்டி மெருகேற்றியது. அந்தக் கூட்டம் அந்தப் பாட்டை அதற்கு முன் கேட்டதே இல்லை.

நிர்வாணா வந்ததும் இதெல்லாம் செத்துவிட்டது என்கிறார்களே?

1991 செப்டம்பரில் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்ததும், தலைமுடியைப் பெரிதாகச் சிலுப்பி அலங்கரித்துக்கொண்ட ராக் குழுக்கள் பல சரிந்தது உண்மை. ஆனால் 'நவம்பர் ரெயின்' பட்டியலில் ஏறியது 1992-ல். மீட் லோஃப் மேலே சொன்ன பாட்டோடு முதலிடம் பிடித்தது 1993-ல். பான் ஜோவியின் 'ஆல்வேஸ்' 1994. செத்தது ஒரு உடையலங்காரம், பாட்டு வடிவம் இல்லை.

அண்ணா, கல்லூரி விழாவில் ஹார்ட் குழுவின் 'அலோன்' பாடப்போகிறேன். பயமாக இருக்கிறது. பானி டைலர் மாதிரி கரகரப்பும் வரவேண்டும் என்று ஆசை.

முதலில் கரகரப்பை விடு, தங்கச்சி. பானி டைலருக்கு அந்தக் குரல் எழுபதுகளில் தொண்டையில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தது. அதை நகல் எடுக்கப் போனால் உன் தொண்டைதான் புண்ணாகும்.

'அலோன்' 1987-ல் முதலிடம் பிடித்த பாட்டு. அதற்கு முன் 1983-ல் வேறொரு குழு பாடி, கவனிக்கப்படாமல் போனது. ஹார்ட் குழுவின் பாடகி ஆன் வில்சன் அதை என்ன செய்தார் என்று கேள். சரணத்தை ஏறக்குறைய தனக்குள் பேசுகிறார். கோரஸில் திடீரென்று குரல் திறக்கிறது. நீ செய்யவேண்டியது, கோரஸின் மிக உயரமான சுரத்தை முதலில் பாடிப்பார்த்து, அது உனக்கு வசதியாக விழும் சுருதியைத் தேர்ந்தெடுப்பது. கீபோர்டுக்காரரிடம் கூச்சப்படாமல் இறக்கச் சொல். ஒரு படி, இரண்டு படி இறக்கினால் யாருக்கும் தெரியாது. சரணத்தில் மைக்கை வாய்க்கு அருகே வைத்துக்கொள், கோரஸில் கொஞ்சம் தள்ளிப் பிடி. டிரம்ஸ்காரர் ஆர்வக்கோளாறில் முதல் சரணத்திலேயே தட்ட ஆரம்பிப்பார், எங்கள் ஒத்திகைகளில் எப்போதும் நடப்பது. கோரஸ் வரை குச்சியைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு.