சிங்கப்பூர், மலேசியா போனால் சாதாரணக் கடைகளில் என்ன சாப்பிடுவது, எப்படிக் கேட்பது?

கேள்வி கேட்டவர் அம்மா அப்பாவோடு ஒரு வாரம் வருகிறார். பெரிய ஓட்டல்கள் வேண்டாம், உள்ளூர் ஆட்கள் தினமும் சாப்பிடும் கடைகளே போதும், அம்மா மட்டும் சைவம் என்று எழுதியிருக்கிறார்.

நான் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மலேசிய ஊரான ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவன். பதினோரு வருடம் தினமும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தேன். விடியற்காலையில் பசியாறுவது மலேசியாவில், மதியச் சாப்பாடு சிங்கப்பூரில், இரவு மறுபடியும் இந்தப் பக்கம். இரண்டு ஊர்க் கடைகளும் எனக்கு வீட்டுச் சமையலறை மாதிரி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே வந்து இட்லி சாம்பார் தேடி அலையாதீர்கள். கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். ஆனால் நம் ஆட்கள் கப்பலேறி வந்து, சீனருடைய மீ என்கிற நூடுல்ஸையும் மலாய்க்காரருடைய சம்பால் என்கிற மிளகாய்த் துவையலையும் பார்த்து, தங்கள் கைப்பக்குவத்தில் புதிதாக உண்டாக்கிய சாப்பாடு ஒன்று இங்கே இருக்கிறது. ஊரில் அப்படி ஒன்று கிடையாது. இருப்பது ஒரு வாரம்தான் என்றால் அதைத்தான் தேடிச் சாப்பிட வேண்டும்.

அது கிடைக்கும் இடம் மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளுக்கு மலேசியாவில் இந்தப் பெயர். நம் 'மாமா'தான் மலாய்க்காரர் வாயில் 'மாமாக்' ஆனது. கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. பல கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி, எஃகு மேசை, சுவரில் பெரிய திரையில் கால்பந்து. ஒரு மேசையில் மலாய்ப் பையன்கள், பக்கத்தில் சீனக் குடும்பம், அதற்கடுத்து நம் ஆட்கள். எல்லோரும் பரிமாறுகிறவரைக் கூப்பிடுவது 'பாஸ்' என்று, இல்லாவிட்டால் 'அனே' என்று. சீனப் பாட்டி ஒருவர் 'அனே' என்று கூப்பிடுவதை உங்கள் அம்மா கேட்க வேண்டும். அது நம் 'அண்ணே'தான். கடைக்கு மலாயில் 'கெடாய்', அதுவும் நம் சொல்தான்.

அங்கே உட்கார்ந்ததும் மீ கோரெங் சொல்லுங்கள். பெயர் மலாய், மஞ்சள் மீ சீனருடையது, சமைக்கும் கை தமிழ்க் கை. பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் புகையும்போது மிளகாய் விழுது விழும், பிறகு வேகவைத்த உருளைக்கிழங்கு, தவ்ஃபூ என்கிற சோயாக் கட்டி, முளைப்பயறு, முட்டை, கடைசியில் மீ. எல்லாம் நெருப்பில் ஒன்றாகப் புரண்டு, ஓரத்தில் லேசாகக் கருகி, காரமும் இனிப்புமாக வரும். சிங்கப்பூர்ப் பக்கம் நிறம் இன்னும் சிவப்பாக இருக்கும். மேலே வைக்கிற சின்ன எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அந்தப் புளிப்பு விழாமல் மீ கோரெங் முழுமை ஆகாது. உருளைக்கிழங்கை மீயோடு சேர்க்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ, அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது ரொட்டி சானாய். சிங்கப்பூரில் இதையே பிராட்டா என்பார்கள், தமிழில் பேசும்போது பரோட்டா என்றே சொல்லலாம். ஆனால் ஊர்ப் பரோட்டாவை மனதில் வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள், இரண்டும் வேறு. ஊரில் மாவைச் சுருட்டி, தட்டி, அடுக்கு அடுக்காகச் சுடுவார்கள். இங்கே மைதா உருண்டையை எண்ணெயில் ஊறவைத்து, காற்றில் வீசி வீசித் துணி போல மெல்லிசாக்கி, மடித்துக் கல்லில் போடுவார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. தொட்டுக்கொள்ளப் பருப்பும் மீன் குழம்பும் ஓரமாகக் கொஞ்சம் சம்பாலும் வரும். 'பஞ்சீர்' என்று சொன்னால் குழம்பை மேலேயே ஊற்றிவிடுவார்கள். மலாயில் பஞ்சீர் என்றால் வெள்ளம். நான் அப்படிக் கேட்க மாட்டேன், மொறுமொறுப்பு போய்விடும். கல்லிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதனால் ஆளுக்கு மூன்று என்று ஒரே தடவையில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். 'கோசோங்' என்றால் வெறும் ரொட்டி, 'தெலோர்' என்றால் முட்டை போட்டது, 'பாவாங்' என்றால் வெங்காயம்.

பினாங்கு போகிற வாய்ப்பு இருந்தால் நாசி கண்டார் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். மலாயில் நாசி என்றால் சோறு, கண்டார் என்பது தோளில் வைக்கும் காவுத்தடி. அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தடியின் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றார்கள். தடி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அங்கே கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா கடை 1907-இலிருந்து நடக்கிறது. நாசி கண்டாரில் ருசியே குழம்பில்தான். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, மாட்டுக் குழம்பு என்று நான்கைந்தை ஒரு கரண்டி ஒரு கரண்டியாகச் சோற்றின் மேல் கலந்து ஊற்றச் சொல்வார்கள், 'குவா சம்போர்' என்று. ஊரில் ஒரு குழம்பை முடித்துவிட்டுத்தான் அடுத்த குழம்புக்குப் போவோம். இங்கே எல்லாம் கலந்து வேறொரு ருசி பிறக்கிறது. முதல் கவளத்தில் உங்கள் அப்பாவுக்கு ஒப்பாது, தட்டு காலியாகும்போது கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நாசி கண்டார் கடையில் விலைப்பட்டியல் எப்போதும் கண்ணில் படாது. தட்டைப் பார்த்து ஒருவர் கணக்குப் போட்டுச் சீட்டுத் தருவார். கோழி, முட்டை, வெண்டைக்காய் என்றால் கவலை இல்லை. பெரிய இறால், கணவாய், மீன் முட்டை எடுப்பதற்கு முன் விலை கேட்டுவிடுங்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கேட்காமல் இரண்டு இறால் எடுத்து, மொத்தக் குடும்பத்தின் சாப்பாட்டு விலையை அதற்கு மட்டும் கொடுத்தார்.

இனி சிங்கப்பூர். அங்கே தெருக் கடைகளை எல்லாம் அரசாங்கம் 1970களிலும் 80களிலும் கூரையுள்ள இடங்களுக்குள் கொண்டுவந்தது. தமிழில் உணவங்காடி நிலையம் என்பார்கள். இந்த அங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-இல் தன் பட்டியலில் சேர்த்தது. மலேசியாவின் காலைப் பசியாறல் 2024-இல் சேர்ந்தது, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய தேநீரான தே தாரிக் எல்லாம் அதில் அடங்கும். அங்காடி நிலையத்தில் முதலில் இடம் பிடிக்க வேண்டும். மேசை மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடம் யாருக்கோ என்று அர்த்தம், அதை எடுத்துவிட்டு உட்காரக் கூடாது. நீங்களும் அப்படியே ஒன்றை வைத்துவிட்டுக் கடை கடையாகச் சுற்றலாம். மூன்று பேரும் மூன்று கடையில் வாங்கி ஒரே மேசையில் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். ஹலால் தட்டுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்கு இருக்கும், பார்த்து வையுங்கள். அந்த ஒரு சின்னக் கவனத்தால்தான் எல்லா மதத்தாரும் இங்கே நிம்மதியாக ஒன்றாக உட்கார முடிகிறது.

அங்கே உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது சூப் துலாங். ஆட்டு எலும்பைச் சிவப்புக் குழம்பில் போட்டுக் கொண்டுவருவார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை உறிஞ்சு குழல் வைத்து உறிஞ்ச வேண்டும், மிச்சக் குழம்பை ரொட்டியில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். கையெல்லாம் சிவந்துபோகும். இதுவும் நம் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களின் கைவரிசைதான். கறியும் முட்டையும் உள்ளே வைத்து மடித்த ரொட்டியான முர்தபா வேண்டுமென்றால் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே ஜம் ஜம் கடை இருக்கிறது, 1908-இலிருந்து. அப்புறம் ஹைனான் கோழிச் சோறு, லக்சா எல்லாம் எந்தச் சுற்றுலாக் குறிப்பிலும் இருக்கும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் பெரியம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார், பிறந்ததிலிருந்து சைவம். ஒரு கடையில் 'காய்கறி மட்டும் போட்டு மீ' என்று சொன்னோம். சரி என்றார்கள். பாதி சாப்பிட்ட பிறகுதான் அடியில் நெத்திலி தெரிந்தது. பெரியம்மா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தவறு எங்களுடையதும்தான். இங்கே காய்கறி என்றால் காய்கறி இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சம்பாலில் பெலாச்சான் இருக்கும், அது இறால் விழுது. நாசி லெமாக்கில் நெத்திலி இருக்கும். பழ ரோஜாக் வெறும் பழம் மாதிரித் தெரியும், அந்தக் கறுப்புச் சாறே இறால் விழுதில் செய்தது. ரொட்டிக்கு வரும் பருப்பிலும் சில கடைகளில் கறிக் குழம்பு கலந்திருப்பார்கள். அதனால் 'சைவம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், பெலாச்சான் வேண்டாம், நெத்திலி வேண்டாம், முட்டை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

அம்மா கவலையில்லாமல் சாப்பிட சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் 1947-இலிருந்து இருக்கும் கோமள விலாஸ் மாதிரிச் சைவக் கடைகள் உண்டு. அங்காடி நிலையங்களில் சீனர்களின் சைவக் கடை ஒன்று தேடினால் கிடைக்கும். புத்த சமயத்தார் பலர் சைவம் சாப்பிடுவதால் வந்த கடைகள் அவை. கறி மாதிரியே தெரியும் துண்டுகள் எல்லாம் சோயாவிலும் கோதுமையிலும் செய்தவை, முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், பயந்துபோவார். தேங்காயும் சர்க்கரையும் வைத்துக் கொடுக்கும் புட்டு மாயம் கண்ணில் பட்டால் வாங்கிக் கொடுங்கள். இடியாப்பம்தான், பெயரைக் கேட்டதும் சிரிப்பார்.

கடைசியாகத் தேநீரும் கோப்பியும். இதற்குத் தனிப் பாஷையே இருக்கிறது. வெறும் 'தே' என்று சொன்னால் கெட்டிப் பாலும் தித்திப்புமாக வரும். தே தாரிக் என்றால் அதையே இரண்டு குவளையில் மாற்றி மாற்றி ஆற்றி நுரை பொங்கத் தருவது, நம் ஊர் டீ மாஸ்டர் வேலை. 'ஓ' சேர்த்தால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. 'சி' சேர்த்தால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரையே கிடையாது. ஆக 'தே ஓ கோசோங்' என்றால் கட்டன் சாயா, சர்க்கரை இல்லாமல். குளிர்ச்சியாக வேண்டுமென்றால் மலேசியாவில் 'ஐஸ்', சிங்கப்பூரில் 'பெங்'. இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் இந்தப் பக்கம் 'குராங் மானிஸ்', அந்தப் பக்கம் 'சியூ டாய்'. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்றால் இந்த இரண்டு சொல்லையும் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கேட்காவிட்டால் இங்கே எல்லாமே ரொம்ப இனிப்பு. கோப்பி நம் ஊர்க் காப்பி மாதிரி இருக்காது. கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டு வறுத்து, துணிப்பையில் வடிகட்டுவார்கள். கருகலாகக் கனமாக இருக்கும். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் விமானம் நள்ளிரவில் கோலாலம்பூரில் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டல் அறைக்குப் போய்ப் பசியோடு படுக்காதீர்கள். பெட்டியை வைத்துவிட்டு, பக்கத்தில் விளக்கெரியும் மாமாக் கடை எது என்று வரவேற்பில் கேட்டு, மூவரும் இறங்கி வாருங்கள். அப்பாவுக்கு ஒரு மீ கோரெங், அம்மாவுக்கு ஒரு ரொட்டி கோசோங், பருப்பில் கறிக் குழம்பு கலக்கவில்லையே என்று கேட்டுவிட்டு. மூன்று தே தாரிக், குராங் மானிஸ். 'அண்ணே' என்று தமிழிலேயே கூப்பிடுங்கள், எந்த ஊர் என்று அவரே கேட்பார்.