பிள்ளைகளோடு வெளிநாடு போகிறீர்களா? எந்த ஊரில் வீடு பார்ப்பது: மதுரைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் பிறந்து வளர்ந்தது நரிமேட்டில். கல்யாணமாகி நியூஜெர்சிக்குப் போய்ப் பதினான்கு ஆண்டுகள் இருந்தேன். அதில் ஆறு ஆண்டுகள் ஒரு பள்ளி மாவட்டத்தின், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், சேர்க்கை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து வந்து இறங்கிய குடும்பங்கள் சாமான் பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஃபைலோடு என் மேஜைக்கு முன் வந்து உட்காரும். இப்போது கே.கே. நகரில் இருக்கிறேன். இங்கிருந்து கிளம்பும் பெற்றோர் எழுதி அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டேன்.

திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை: அக்கா, நியூயார்க்கில் வேலை. பிள்ளைகள் 3ஆம் வகுப்பும் 6ஆம் வகுப்பும். முதலில் வாடகை குறைந்த இடமாகப் பார்த்துக் குடியேறிவிட்டு, பிறகு நல்ல பள்ளியாகப் பார்த்துச் சேர்க்கலாமா?

தம்பி, இந்த வரிசை மதுரைக்குச் சரி. திருநகரில் குடியிருந்துகொண்டு அண்ணா நகர்ப் பள்ளிக்கு வேனில் அனுப்பலாம். கட்டணம் கட்டினால் போதும், வீடு எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். அமெரிக்க அரசுப் பள்ளியில் பெரும்பாலான ஊர்களில் நீங்கள் குடியிருக்கும் வீட்டின் முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. கட்டணம் கிடையாது. ஆனால் அந்தப் பள்ளிக்குரிய எல்லைக்குள் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது என்று சான்று காட்ட வேண்டும். ஆகவே பள்ளியை முடிவு செய்த பிறகுதான் வீடு.

நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்த்துவிடலாம் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அலுவலகத்திலிருந்து நேரில் வந்து பார்ப்பார்கள். பொய் என்று தெரிந்தால் ஆண்டு நடுவில் பிள்ளையை நீக்கி, படித்த நாட்களுக்குக் கட்டணமும் கேட்கலாம். அப்படி நீக்கப்பட்ட ஒரு சிறுவன் என் மேஜைக்கு எதிரே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை. அவன் செய்த தவறு எதுவும் இல்லை.

நியூயார்க் வேலை என்றால் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் எடிசன், மெட்டச்சன், பிரின்ஸ்டன் ஜங்ஷன் மூன்றும் ஒரே ரயில் தடத்தில் இருக்கின்றன. தெற்கே தள்ளிப் போகப் போகப் பயண நேரம் கூடும். வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் கார் நிறுத்த அனுமதி கிடைக்கிறதா என்பதை முதலிலேயே கேளுங்கள். சில நிலையங்களில் அதற்கே காத்திருப்புப் பட்டியல் உண்டு.

அண்ணா நகரிலிருந்து ஒரு தாய்: இணையத்தில் பள்ளிகளுக்கு 10க்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். 9க்குக் கீழே உள்ள பள்ளியே வேண்டாம் என்கிறார் என் கணவர். சரியா?

சரியில்லை அம்மா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த எண்ணை நம்பி, தாங்க முடியாத வாடகையில் மாட்டிக்கொண்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த எண்ணில் பெரும்பங்கு மாநிலத் தேர்வு மதிப்பெண்களிலிருந்து வருவது. படித்த, வசதியான பெற்றோர் கூடியிருக்கும் ஊரில் மதிப்பெண் தானாகவே உயரும். பாதிப் பிள்ளைகள் மாலையில் வெளியே கணக்கு டியூஷனுக்குப் போகிறார்கள். அந்த உழைப்பும் பள்ளியின் கணக்கில்தான் சேருகிறது. உங்கள் பிள்ளை புதிதாக உள்ளே போகும்போது வகுப்பு ஆசிரியர் எப்படி அரவணைப்பார் என்பதை அந்த எண் சொல்லாது.

நான் வேறு சிலவற்றைப் பார்க்கச் சொல்வேன். பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகள் காலை 7.30 மணிக்கே தொடங்கிவிடும். குளிர்காலத்தில் இருட்டில் போய் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். கலிஃபோர்னியாவில் மட்டும் 2022 முதல் பொதுவாக 8.30க்கு முன் உயர்நிலைப் பள்ளி தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பள்ளி பஸ் வருமா? நியூஜெர்சியில் 8ஆம் வகுப்பு வரை வீடு 2 மைலுக்கு மேல் தள்ளி இருந்தால்தான் இலவச பஸ் கட்டாயம். 1.9 மைலில் வீடு எடுத்துவிட்டு, தினமும் இரண்டு வேளை காரில் கொண்டுபோய் விடும் தாய்மார்கள் எத்தனையோ பேர். நடக்கும் தூரம்தான் என்றால் நடைபாதை இருக்கிறதா, நடுவில் பெரிய சாலையைக் கடக்க வேண்டுமா?

அடுத்தது, பள்ளி விடும் நேரம். மூன்று மணிக்கெல்லாம் பிள்ளை வீட்டில் இருக்கும். இங்கே பாட்டி இருப்பார், எதிர்வீட்டு அத்தை இருப்பார். அங்கே இருவரும் வேலைக்குப் போனால் மாலை ஆறு மணி வரை யார் பார்ப்பது? பள்ளியிலேயே நடக்கும் மாலை நேரக் காப்பகத்துக்குத் தனிக் கட்டணம். இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும். 7 மதிப்பெண் பள்ளியில் காப்பகம் இருந்து, 9 மதிப்பெண் பள்ளியில் இல்லையென்றால் நான் 7க்குத்தான் போவேன். என் மகளை அப்படித்தான் சேர்த்தேன்.

மேலூரிலிருந்து: நாங்கள் ஹூஸ்டன் போகிறோம். மீனாட்சியம்மன் கோயில் பக்கத்தில் வீடு பார்க்கலாம் என்று ஆசை.

அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் இருக்கிறது அந்தக் கோயில். கோபுரத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிடும். ஆனால் முதலில் உங்கள் கணவரின் அலுவலகம் எந்தத் திசையில் என்று பாருங்கள். வேலை மெடிக்கல் சென்டர் பக்கம் என்றால் பேர்லேண்ட் பொருத்தம். நேர்ச்சாலை இருக்கிறது. மேற்கே எண்ணெய் நிறுவனங்கள் இருக்கும் பகுதி என்றால் கேட்டி பக்கம் பாருங்கள். கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம். அலுவலகத்துக்கு வாரம் ஐந்து நாள் போக வேண்டும்.

டெக்சாஸில் இன்னொரு சிக்கல். ஊரின் எல்லை வேறு, பள்ளி மாவட்டத்தின் எல்லை வேறு. பேர்லேண்ட் ஊருக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் வருகின்றன. டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவிலும் இதே கதைதான். நான்கு மாவட்டங்கள். வீட்டு உரிமையாளர் சொல்வதை விட்டுவிட்டு, பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் கதவு எண்ணோடு முகவரியைப் போட்டுப் பள்ளியின் பெயர் வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

வெள்ள வரைபடத்தையும் பார்க்க வேண்டும். 2017இல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் வட்டாரமே மூழ்கியது. கண்மாய்க்குள் போட்ட மனையை நம் ஊர்க்காரர்கள் எப்படி விசாரித்து ஒதுக்குவார்களோ, அதே கவனம் அங்கேயும் வேண்டும். அரசின் வெள்ள அபாய வரைபடம் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. வாடகை வீடுதானே என்று விடாதீர்கள். மூழ்குவது உங்கள் சாமான்.

வில்லாபுரத்திலிருந்து: தடுப்பூசி அட்டை முழுதாக இருக்கிறது. அது போதுமா?

முழுதாக இருந்தாலும் இரண்டு இடத்தில் இடிக்கும். நம் அரசுத் திட்டத்தில் 2017 முதல் போடுவது எம்.ஆர். ஊசி, அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். அமெரிக்கப் பள்ளிகள் பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். கேட்கும். சின்னம்மைக்கான வாரிசெல்லா ஊசி நம் அரசு அட்டவணையிலேயே இல்லை. தனியாரிடம் போட்டிருந்தால்தான் உண்டு. இந்த இரண்டையும் இங்கேயே குழந்தை மருத்துவரிடம் போட்டு, தேதியோடு ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள். நியூஜெர்சியில் 6ஆம் வகுப்பிலிருந்து மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கான ஊசியும் கேட்பார்கள்.

சில இடங்களில் காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்ட நம் பிள்ளைகளுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில், நோய் இல்லாவிட்டாலும் தடித்துக் காட்டலாம். அதனால் ரத்தப் பரிசோதனையே செய்யும்படி கேளுங்கள். இது தெரியாமல் பயந்து, எக்ஸ்ரேவுக்கு அலைந்து, இரண்டு வாரம் பள்ளியை இழந்த குடும்பங்கள் உண்டு.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தாய்: மகன் இதுவரை தமிழ்வழியில் படித்தான். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினால் தனி வகுப்பில் போட்டுவிடுவார்களாமே? ஆங்கிலம் என்று எழுதிவிடட்டுமா?

வேண்டாம் அம்மா, தமிழ் என்றே எழுதுங்கள். எழுதினால் ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள். தேறினால் நேராக வகுப்புக்குப் போவான். தேறாவிட்டால் தினமும் கொஞ்ச நேரம் ஆங்கிலத்துக்கென்று ஓர் ஆசிரியர் தனியாகச் சொல்லித் தருவார். காசு கொடுத்தாலும் கிடைக்காத உதவி அது. மறைத்துச் சேர்த்த பிள்ளைகள்தான் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப் புதிதாக வரும் பிள்ளைகள் நிறைய இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே அந்த ஆசிரியர் முழுநேரமும் அதே பள்ளியில் இருப்பார். வெளிநாட்டுப் பிள்ளைகள் அரிதான ஊரில் ஒரே ஆசிரியர் நான்கைந்து பள்ளிகளுக்கு ஓடிக்கொண்டிருப்பார்.

பழங்காநத்தத்திலிருந்து: இங்கிலாந்தில் ஸ்லவ் பக்கம் போகிறோம். மகளுக்குப் பத்து வயது.

என் தங்கை பக்கத்தில் ரெடிங்கில் இருக்கிறாள். அவள் வழியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்லவிலும் ரெடிங்கிலும் கிராமர் பள்ளிகள், அதாவது நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள் உண்டு. நுழைவுத் தேர்வு 6ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, செப்டம்பர் வாக்கில் வந்துவிடும். அதற்குப் பதிவு செய்யும் நாள் கோடையிலேயே முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. நடு ஆண்டில் போய் இறங்கினால் எந்தப் பள்ளியில் காலியிடம் இருக்கிறதோ அதுதான். ஆகவே வீடு பார்க்கும் முன் உள்ளூர் கவுன்சிலிடம் உங்கள் மகளின் வகுப்பில் எங்கே இடம் இருக்கிறது என்று கேளுங்கள். விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். பிள்ளைக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, பெரியவர்களுக்கு 1,035. விசா எத்தனை ஆண்டோ அத்தனை ஆண்டுக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

கே. புதூரிலிருந்து: சிட்னிக்கு ஜூனில் கிளம்பினால் சரியா?

அங்கே பள்ளி ஆண்டு ஜனவரி கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஜூனில் போனால் பாதி ஆண்டில் நுழைய வேண்டும். முடிந்தால் டிசம்பர் கடைசியில் போங்கள். தற்காலிக விசா என்றால் சில மாநிலங்களில் அரசுப் பள்ளிக்கும் கட்டணம் உண்டு. அதைச் சம்பளப் பேச்சின்போதே நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். வென்ட்வொர்த்வில், டூங்கேபி, வெஸ்ட்மீட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ரயிலும் இருக்கிறது, முருகன் கோயிலும் பக்கம்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: மகன் 10ஆம் வகுப்பு முடிக்கப் போகிறான். எச்1பி விசாவில் குடும்பத்தோடு அமெரிக்கா போக வாய்ப்பு வந்திருக்கிறது.

உங்களுக்கு ஊரைவிட வயதுதான் முக்கியம். அங்கே கல்லூரி விண்ணப்பத்துக்கு 9ஆம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். இங்கே படித்த 9, 10ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பள்ளியின் முத்திரையிட்ட உறையில் இரண்டு மூன்று பிரதி வாங்கி வையுங்கள். உங்களைச் சார்ந்த விசா மகனுக்கு 21 வயது வரைதான் செல்லும். இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை மிக நீளம். அதற்குள் கிடைத்துவிடும் என்று நம்பித் திட்டமிட முடியாது. கல்லூரி நடுவில் அவன் மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டியும் வரலாம். கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்: அவன் 12ஆம் வகுப்பை இங்கேயே முடித்துவிட்டு வருவதையும் ஒரு வழியாக வைத்து வீட்டில் பேசுங்கள்.

சோழவந்தானிலிருந்து: எங்கள் அம்மா ஆறு மாதம் வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு ஏற்ற ஊர் எது?

இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். காலையில் எழுந்து வெற்றிலைக் கொடிக்காலைச் சுற்றி நடந்தவர், நடைபாதை இல்லாத குடியிருப்பில் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மாமியார் முதல்முறை வந்தபோது அப்படித்தான் ஆனது. தபால்காரர் வரும் நேரத்துக்காக வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். பேசுவதற்கு வேறு ஆள் இல்லை. மறுமுறை அவர் வரும் முன் வீடு மாற்றினோம். நூலகம், பூங்கா, ஒரு காய்கறிக் கடை மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்கும்படி பார்த்தோம். அறை ஒன்று குறைந்தது, வாடகை கொஞ்சம் கூடியது. மெட்டச்சன் போல நடுவில் கடைத்தெரு உள்ள சிற்றூர்கள் இதற்கு ஏற்றவை. எடிசனில் ஓக் ட்ரீ ரோடு பக்கம் என்றால் முருங்கைக்காய் வாங்க அவரே நடந்து போய்வருவார். மே மாதம் வந்து அக்டோபரில் திரும்பும்படி டிக்கெட் போடுங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் அழைத்து வராதீர்கள்.

ஒத்தக்கடையிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி: அத்தை, நாங்கள் நியூஜெர்சி போகிறோம். அப்பா பள்ளி, வாடகை, ரயில் எல்லாம் பார்க்கிறார். நான் எங்கள் பள்ளி வாலிபால் அணியில் இருக்கிறேன். அங்கே என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

கண்ணு, இதையும் ஊர் பார்க்கும் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும். நீ போனதும் 9ஆம் வகுப்பு, அதாவது உயர்நிலைப் பள்ளி. அங்கே பெண்கள் வாலிபால் இலையுதிர் காலத்து ஆட்டம். எல்லாப் பள்ளியிலும் அணி இருக்காது. அப்பா பார்த்து வைத்திருக்கும் ஊர்களின் பள்ளித் தளத்தில் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்து, அணி இருக்கிறதா என்று நீயே பார். இருந்தால் பயிற்சியாளரின் மின்னஞ்சல் அங்கேயே இருக்கும். எந்த இடத்தில் ஆடுகிறாய், எத்தனை வருடமாக ஆடுகிறாய் என்று நான்கு வரி எழுது. அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆகஸ்டிலேயே, பள்ளி திறக்கும் முன்பே நடந்துவிடும். மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிப் படிவம் இல்லாமல் களத்தில் இறங்க விடமாட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் டிக்கெட் போட்டிருந்தால், ஜூலைக்கு மாற்றச் சொல்லி அப்பாவிடம் இன்றைக்கே கேள்.