வீடியோவை எங்கே நிறுத்துவது? வகுப்பறைத் திரை பற்றி ஆசிரியர்களின் கேள்விகள்

வகுப்பில் வீடியோ, ஸ்லைடு, ஒலி, சிமுலேஷன் ஆகியவற்றைப் பயன்படுத்துவது குறித்து ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

பத்தாம் வகுப்புக்கு இதயம் பாடம். 9 நிமிட அனிமேஷன் வீடியோ போட்டேன். பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். மறுநாள் "வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து (கீழறை) ரத்தம் எங்கே போகும்?" என்று கேட்டால் நாலைந்து பேர்தான் கை தூக்குகிறார்கள். எங்கே தவறு?
– அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல்

வீடியோவைத் தொடர்ந்து ஓடவிட்டதில்தான் தவறு. அந்த 9 நிமிடத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள், இரண்டு சுற்றோட்டங்கள், பத்துக்கும் மேற்பட்ட புதிய பெயர்கள் வந்து போகின்றன. ஒரு பெயரை மனதில் இருத்துவதற்குள் படம் அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. பார்க்கும்போது எல்லாம் புரிவதுபோல்தான் இருக்கும். நோட்டை எடுத்து வரையச் சொன்னால்தான் புரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரியவரும்.

முந்தைய நாளே முழு வீடியோவையும் பார்த்து, உங்களுக்கு வேண்டிய 3 அல்லது 4 நிமிடப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அறிமுக இசை, சேனல் பெயர், நன்றியுரை எதுவும் வகுப்புக்கு வேண்டாம். வகுப்பில் ஓடவிடுவதற்கு முன் கரும்பலகையில் இதயத்தின் வெளிக்கோட்டை வரைந்து நான்கு அறைகளின் பெயர்களை மட்டும் எழுதுங்கள். பிள்ளைகளும் நோட்டில் அரைப் பக்க அளவுக்கு வரையட்டும். அம்புக்குறி எதுவும் இப்போது வேண்டாம். பெயர்களை முதலில் தனியாகக் கற்றுவிட்டால், வீடியோ ஓடும்போது ரத்தத்தின் பாதையில் மட்டும் கவனம் வைக்கலாம். பல்லூடகக் கற்றலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் வலியுறுத்துபவற்றில் இதுவும் ஒன்று. வீடியோவைத் துண்டு துண்டாகக் காட்டுவது இன்னொன்று.

பிறகு மூன்று இடங்களில் நிறுத்துங்கள். ரத்தம் வலது ஏட்ரியத்துக்குள் (மேலறை) நுழைந்ததும் முதல் நிறுத்தம்: "அடுத்து எங்கே போகும்? அம்புக்குறி போடுங்கள்." கை தூக்கச் சொல்லாதீர்கள். கை தூக்கச் சொன்னால் வழக்கமான நாலு பேர்தான் யோசிப்பார்கள், எழுதச் சொன்னால் நாற்பது பேரும் யோசித்தாக வேண்டும். ரத்தம் நுரையீரலுக்குப் புறப்படும்போது இரண்டாவது நிறுத்தம்: "இந்தக் குழாய் தமனியா, சிரையா?" ஆக்சிஜன் குறைந்த ரத்தம் என்பதால் பாதிப் பேர் சிரை என்பார்கள். இதயத்திலிருந்து வெளியே போவதால் இது நுரையீரல் தமனி என்பதைப் பாடநூலில் நான்கு முறை வாசித்தாலும் மறப்பார்கள். தவறாக எழுதி, தாங்களே அடித்துத் திருத்தியதை மறக்க மாட்டார்கள். இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது மூன்றாவது நிறுத்தம்: "கீழறைகள் இரண்டில் எதன் சுவர் தடிமன்? ஏன்?"

முடிந்ததும் அதே பகுதியை ஒலியில்லாமல் மறுபடி ஓடவிட்டு, ஒரு மாணவியை வர்ணனை சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தை வகுப்பு எடுத்துக் கொடுக்கட்டும். எல்லாம் சேர்த்து 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்தப் பாடத்துக்கென்றே இரண்டு குழிகள் உண்டு. பெரும்பாலான அனிமேஷன்களில் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்துக்கு நீல நிறம் தருகிறார்கள். நம் உடலில் நீல ரத்தம் ஓடுகிறது என்றே பல பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். அது அடர்சிவப்புதான், நீலம் அடையாளத்துக்காகப் போட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது, திரையில் இதயத்தின் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாகத் தெரியும். ஒரு மாணவனை வகுப்பைப் பார்த்து நிற்கவைத்து அவனுடைய இடது கையைத் தூக்கச் சொன்னால் அரை நிமிடத்தில் குழப்பம் தீரும். இதை வீடியோவுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

பாடம் முழுவதையும் பவர்பாயிண்டில் போட்டுக் காட்டுகிறேன். கடைசி பெஞ்சில் எழுத்து தெரியவில்லை என்கிறார்கள். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?
– சமூக அறிவியல் ஆசிரியர், தென்காசி

அளவுக்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். பாடம் முழுவதும் ஸ்லைடில் இருப்பதுதான் முதல் சிக்கல். திரையில் இருக்கும் வாக்கியத்தையே நீங்களும் வாசித்தால், பிள்ளைகளின் கண் தன் வேகத்தில் முன்னால் ஓடும், காது உங்கள் வேகத்தில் பின்னால் வரும். இரண்டும் ஒட்டாது. ஸ்லைடில் வரைபடமோ படமோ இருக்கட்டும், விளக்கம் உங்கள் வாயிலிருந்து வரட்டும். வாக்கியமாகவே வாசிக்க வேண்டிய பகுதிக்குப் பாடநூல் கையில் இருக்கிறது.

இனி அளவு. கடைசி பெஞ்ச் திரையிலிருந்து எவ்வளவு தூரமோ, அதில் ஆறில் ஒரு பங்காவது படத்தின் உயரம் இருக்க வேண்டும் என்பது நல்ல கணக்கு. 7 மீட்டர் தூரம் என்றால் சுமார் 1.2 மீட்டர் உயரம். எழுத்து 28 பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம். தமிழில் கீ, ணூ, ஞ் போன்றவை மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியை 1.2 ஆக வையுங்கள். இல்லாவிட்டால் மேல்வரி எழுத்தின் வாலும் கீழ்வரிப் புள்ளியும் முட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 14 அங்குல லேப்டாப்பின் திரை உயரம் ஏறக்குறைய 17 செ.மீ. ஸ்லைடைத் திரை முழுக்க வைத்துவிட்டு 1 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கடைசி பெஞ்ச் பையனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் உங்களுக்கும் தெரியும். ஆறுகளின் பெயர்களை வாசிக்க முடியவில்லை என்றால் அந்த வரைபடத்தை இரண்டு ஸ்லைடுகளாகப் பிரியுங்கள்.

பேசும்போது கவனம் உங்கள் பக்கம் திரும்ப வேண்டுமென்றால், ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும்போது கீபோர்டில் B எழுத்தை அழுத்துங்கள். திரை கறுப்பாகிவிடும். மறுபடி அழுத்தினால் படம் திரும்ப வரும்.

வீட்டில் தட்டச்சு செய்த தமிழ் ஸ்லைடு, பள்ளிக் கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகிறது. என்ன செய்வது?
– தமிழாசிரியை, அரியலூர்

நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அதில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வருகிறது. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடாக மாற்றிக்கொண்டு, இனி யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவசரத்துக்கு, வீட்டிலேயே பிடிஎஃப் ஆகவும் சேமித்துப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் திறக்கும். அனிமேஷன் மட்டும் இருக்காது.

காலையில் கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளிறிப்போகிறது. சத்தமும் பின்னால் கேட்பதில்லை. சில நாள் பாதியில் தானாகவே அணைந்துவிடுகிறது.
– தலைமை ஆசிரியர், கிருஷ்ணகிரி

புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. திரையில் கறுப்பாகத் தெரிவது, ஒளி விழாத இடத்தில் சுவருக்கு இருக்கும் நிறம்தான். வெயில் சுவரில் விழுந்தால் அந்தக் கறுப்பு சாம்பலாகிவிடும். ஆகவே பகல் வகுப்புக்கு அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஒத்துவராது, வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து வையுங்கள். திரைக்கு நேர் எதிரே உள்ள ஜன்னலையும், திரையை ஒட்டியுள்ள ஜன்னலையும் மட்டும் கனமான துணியால் மறைத்தால் போதும். அறை முழுவதும் இருட்டானால் பிள்ளைகளால் எழுத முடியாது. புரொஜெக்டரைச் சற்று முன்னால் கொண்டுவந்து படத்தைச் சிறிதாக்கினாலும் வெளிச்சம் கூடும். அகலத்தைப் பாதியாக்கினால் அதே ஒளி நான்கில் ஒரு பங்கு பரப்பில் விழுவதால் பொலிவு நான்கு மடங்காகும். மேலே சொன்ன ஆறில் ஒரு பங்கு கணக்குக்குள் மட்டும் நில்லுங்கள்.

சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் கணினி ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். அதற்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் ஐம்பது பேர் வகுப்புக்கு எப்படிப் போதும்? திரையின் வலது கீழ்மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, ஒலி வெளியேறும் இடத்தை மாற்றி, மின் இணைப்புள்ள தனி ஸ்பீக்கரைக் கேபிளில் இணையுங்கள். அதைக் காது உயரத்தில், திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். தரையில் வைத்தால் முன்வரிசைக் கால்களே ஒலியைத் தடுக்கும்.

தானாக அணைவது வெப்பத்தால் இருக்கலாம். காற்று உள்ளே போகும் வலையைக் கழற்றிப் பாருங்கள். சாக்பீஸ் இருக்கும் அறையில் அதில் வெள்ளைப் படலம் படிந்து அடைத்திருக்கும். மென்மையான பிரஷ்ஷால் மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள், டஸ்டரைப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் தட்ட வேண்டாம். விளக்கு வகைப் புரொஜெக்டர் என்றால், அணைத்த பிறகும் விசிறி நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது. பீரியடு மணி அடித்த அவசரத்தில் பிடுங்குவதால்தான் விளக்கின் ஆயுள் குறைகிறது.

மின்சுற்று பாடத்துக்குச் சிமுலேஷன் இருந்தால் ஆய்வகம் தேவையில்லையா?
– இயற்பியல் ஆசிரியர், சிவகங்கை

இரண்டும் வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் இலவசம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. மின்சுற்றுச் சிமுலேஷனை ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் பிரவுசரில் ஓடும்.

9 வோல்ட் பேட்டரி ஒன்று, 10 ஓம் பல்புகள் இரண்டு எடுங்கள். ஒரு பல்பை மட்டும் இணைத்தால் அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். இப்போது கேளுங்கள்: "இரண்டாவது பல்பைப் பக்க இணைப்பில் சேர்த்தால் முதல் பல்பு மங்குமா?" எல்லோரும் நோட்டில் எழுதி முடித்த பிறகே இணையுங்கள். பலரும் மங்கும் என்றே எழுதுவார்கள். பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும், அதைப் பல்புகள் பங்கிட்டுக்கொள்ளும் என்பது அவர்கள் மனக்கணக்கு. பல்பு மங்காது. ஒவ்வொன்றிலும் 0.9, மொத்தம் 1.8 ஆம்பியர். தொடரிணைப்பில் அதே இரண்டும் 0.45 ஆம்பியரில் மங்கும்.

அடுத்து டார்ச் பல்பும் 1.5 வோல்ட் செல்லும் வைத்து அதையே கையால் செய்யச் சொல்லுங்கள். பழைய செல்லாக இருந்தால் பக்க இணைப்பிலும் பல்பு கொஞ்சம் மங்கும்! "கம்ப்யூட்டர் பொய் சொல்லிவிட்டது சார்" என்று யாராவது சொன்னால், அதுதான் அன்றைய பாடத்தின் சிறந்த நேரம். சிமுலேஷனில் பேட்டரிக்கு அக மின்தடை (அதற்குள்ளேயே இருக்கும் மின்தடை) இல்லை என்று வைத்திருக்கிறார்கள், உண்மையான செல்லுக்கு உண்டு. சிமுலேஷனைத் தனியாகக் காட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இணையத்தில் கிடைக்கும் வீடியோவை வகுப்பில் காட்டுவது சட்டப்படி தவறா?
– பட்டதாரி ஆசிரியை, ராணிப்பேட்டை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு கற்பித்தலுக்கு விலக்கு தருகிறது. மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டுமே இருக்கும் இடத்தில் பள்ளிச் செயல்பாடாகக் காட்டலாம். அதையே வெட்டி ஒட்டி உங்கள் யூடியூப் சேனலில் ஏற்றுவதை இந்த விலக்குக்குள் கொண்டுவர முடியாது.

எங்கள் பள்ளியில் புரொஜெக்டர் இல்லை. என் கைபேசி ஒன்றுதான், 32 பிள்ளைகள். ஏதாவது செய்ய முடியுமா?
– இடைநிலை ஆசிரியை, நீலகிரி

ஐந்து அங்குலத் திரையை 32 பேருக்கு உயர்த்திப் பிடிக்காதீர்கள். முன்வரிசை மட்டும் பார்க்கும், பின்வரிசை பேச ஆரம்பிக்கும். கைபேசியை முதலில் ஒலிக்குப் பயன்படுத்துங்கள். சின்ன ஸ்பீக்கர் ஒன்று போதும். பறவைக் குரல், ஒரு பாடலின் இரண்டு அடி, ஆங்கில உச்சரிப்பு எதுவானாலும் அரை நிமிடம் ஒலிக்கவிட்டு நிறுத்தி, கேட்டதை எழுதவோ வரையவோ சொல்லுங்கள். ஒலிக்குப் பின்வரிசை கிடையாது.

வீடியோ அவசியம் என்றால் எட்டுப் பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழு 2 நிமிட வீடியோவை இரண்டு முறை பார்க்கட்டும், மற்ற மூன்றும் அதே பாடத்தில் வரைதல், வாசித்தல், பொருள்களைத் தொட்டுப் பிரித்தல் என்று வேலை செய்யட்டும். 8 நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் ஒரு பீரியடில் எல்லோரும் பார்த்துவிடலாம்.

மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால், பாடநூலின் கியூஆர் குறியீட்டுக்கான வீடியோவை திக்‌ஷா செயலியில் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு அழிந்து ஸ்கேன் ஆகாவிட்டால், அதன் கீழே அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டைச் செயலியின் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யலாம். கிளம்பும் முன் ஃபிளைட் மோடு போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போது ஓடினால் வகுப்பிலும் ஓடும்.