நெல் பால் பிடிக்கும்போது இலை பழுப்பதை ஹார்மோன் தெளித்துத் தடுக்கலாமா?

தடுக்கலாம். ஆனால் தடுப்பது லாபமா என்பது வேறு கேள்வி.

வேளாண் கல்லூரியில் செய்த ஒரு செய்முறை இன்னும் நினைவில் நிற்கிறது. நெல் இலையைத் துண்டு துண்டாக நறுக்கி இரண்டு கண்ணாடித் தட்டுகளில் மிதக்கவிட்டோம். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் சிறிது கைனடின் கலந்த தண்ணீர். இருட்டு அலமாரியில் வைத்து நான்காம் நாள் எடுத்தால், முதல் தட்டில் இருந்தது வைக்கோல் நிறம். அடுத்ததில் அன்றைக்குக் கிள்ளியதுபோல் பச்சை. ரிச்மண்ட், லாங் என்ற ஆய்வாளர்கள் 1957-இல் மருளூமத்தை என்ற களைச்செடியின் இலையில் கண்டதும் இதைத்தான்.

கைனடின், இலையைப் பச்சையாக வைத்திருக்கும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வகையைச் சேர்ந்தது. செடியின் சொந்த சைட்டோகைனினில் பெரும்பங்கு வேர் நுனியில் உருவாகித் தண்ணீரோடு மேலே ஏறுகிறது. வேரில் தழைச்சத்து (நைட்ரஜன்) நன்றாகக் கிடைத்தால் அதன் வரத்தும் கூடும். எத்திலீன், அப்சிசிக் அமிலம், ஜாஸ்மோனிக் அமிலம் என்ற மூன்று ஹார்மோன்களும் எதிர்க்கட்சி. வறட்சியோ உப்போ தாக்கினால் இவற்றின் கை ஓங்கி, இலை சீக்கிரம் பழுத்துவிடும். (இளநீரிலும் சைட்டோகைனின் உண்டு. அதற்காக வயலுக்கு இளநீர் தெளிக்கச் சொல்லமாட்டேன்.)

பழுப்பது வெறும் சாவு அல்ல. இலை தன் புரதத்தை உடைத்து, தழைச்சத்தை மணிக்கு அனுப்பிவிட்டுத்தான் காய்கிறது. கோதுமையில் இதை முடுக்கிவிடும் மரபணுக்களை அடக்கிப் பார்த்து 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. பயிர் முதிர்வது மூன்று வாரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. மணியில் புரதம், துத்தநாகம், இரும்பு மூன்றும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. பச்சையாக நின்ற இலை, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. கடைசி நேரத்தில் யூரியா போட்டுப் பயிரைப் பச்சையாக வைத்துப் பெருமைப்படுபவர்களைப் பார்த்தால் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

பால் பிடிக்கும்போது நான் பார்ப்பது கண்ணாடி இலையையும் (கதிரை ஒட்டிய கடைசி இலை) அதற்குக் கீழே உள்ள இரண்டையும் மட்டும்தான். அவை பச்சையாக இருந்தால், அடி இலை பழுப்பதைக் கண்டுகொள்வதில்லை. அவையும் மஞ்சளானால், மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பார்ப்பேன்; சைட்டோகைனின் வருவது அங்கிருந்துதானே. வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், அன்றே மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவேன்.